லத்தியை உடைத்த கை

என் தம்பி மேல் போட்ட வழக்கு இதுதான்: அரசாங்கத்துக்குச் சொந்தமான லத்தி ஒன்றைத் தன் இடது கையால் தாக்கி, இரண்டாக உடைத்துவிட்டான்.

இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரித்தால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். முதல் தடவை கேட்டபோது நானும் சிரித்தேன். காவல் நிலையத்துக்குள் நின்றுகொண்டு சிரித்ததால் என் பெயரையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார்கள். அந்த நோட்டு எதற்கு என்று கேட்டேன். கேட்டதையும் குறித்துக்கொண்டார்கள்.

நான் மரக் கடைசல் வேலை செய்கிறவள். கட்டில் கால், நாற்காலிக் கால், மாடிப்படிக் கம்பு, சுத்தியல் பிடி என்று உருட்டிக் கடைய வேண்டியது எதுவானாலும் எங்கள் பகுதியில் என் பட்டறைக்குத்தான் வந்தாக வேண்டும். தம்பி பெயின்டர். கடைகளின் ஷட்டருக்கு வண்ணம் அடித்து, அதன் மேல் எழுத்து எழுதுவான். இடதுகைக்காரன். அந்தக் கையால் அவன் ஒரு கோடு இழுத்தால் அளவுகோல் வைத்து இழுத்தவன் வெட்கப்படுவான். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. அவனுக்கு நான், எனக்கு அவன்.

எங்கள் பகுதி பதற்றமான பகுதி. இந்த விஷயம் எங்களுக்கே தெரியாமல் இருந்தது. ஒருநாள் தெருமுனையில் 'இது பதற்றமான பகுதி, அமைதி காக்கவும்' என்று ஒரு பலகையை நட்ட பிறகுதான் தெரிந்தது. பொய் சொல்லக் கூடாது, அதற்கு முன்னால் மார்க்கெட்டில் இரண்டு கோஷ்டி அடித்துக்கொண்டது உண்மை. ஒரு கடை எரிந்ததும் உண்மை. எரித்தவர்கள் யார் என்று தெருவுக்கே தெரியும். நான்கு பேர் பொறுப்பாகக் காவல் நிலையத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்கள். குற்றம் பற்றிய தகவலைக் கைவசம் வைத்திருந்ததற்காக அந்த நான்கு பேர் மேலும் வழக்கு விழுந்தது. எரித்தவர்கள் இப்போது அமைதிக் குழுவில் உறுப்பினர்களாக இருக்கிறார்கள்.

பலகைக்குப் பிறகு 'நம்பிக்கை நடை' வந்தது. தினமும் சாயங்காலம் நாற்பது காவலர்கள் தலைக்கவசம், கேடயம், லத்தி சகிதம் தெருவில் நடந்துபோவார்கள். மக்களுக்கு நம்பிக்கை ஊட்டத்தான். அதற்கு இடைஞ்சலாக மக்கள் யாரும் அந்த நேரத்தில் தெருவில் நிற்கக் கூடாது.

அன்றைக்கு என் தம்பி மருந்துக் கடை ஷட்டருக்கு நீலம் அடித்துக்கொண்டிருந்தான். ஏணி மேல் நின்றிருந்தான். முழங்கை வரைக்கும் ஈரப் பெயின்ட். நம்பிக்கை நடை அவனுக்குக் கீழே வந்து நின்றது. "கலைஞ்சு போ!" என்று ஆய்வாளர் ஒலிபெருக்கியில் சொன்னார்.

தம்பி இடது பக்கம் பார்த்தான், வலது பக்கம் பார்த்தான். வேறு யாரும் இல்லை. "நான் ஒரே ஆளு சார். எப்படிக் கலையறது?" என்று கேட்டான்.

அவன் நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான். எதையும் தெளிவாகக் கேட்டுக்கொண்டு செய்கிற பையன். 'எதிரி கோஷம் எழுப்பினார்' என்று அது பதிவாகிவிட்டது. அதற்கு அடுத்த வரியை நான் மனப்பாடமாகவே சொல்வேன்: 'எதிரி திடீரெனத் தன் இடது கையை முகத்துக்கு முன்னால் உயர்த்தி, தன்னை நோக்கி வந்துகொண்டிருந்த லத்தியை வழிமறித்துத் தாக்கினார்.'

மறுநாள் விஷயம் தெரிந்து காவல் நிலையத்துக்கு ஓடினேன். முன்புறத்தை மக்கள் நண்பர் வரவேற்பறை என்று மாற்றியிருந்தார்கள். பிளாஸ்டிக் உறை பிரிக்காத சோபா போட்டிருந்தது. அதில் உட்காரக் கூடாது. பக்கத்தில், சேவை எப்படி இருந்தது என்று பொத்தானை அமுக்கிச் சொல்லுகிற ஒரு பெட்டி. மூன்று பொத்தான்களில் மூன்று முகம். ஒன்று சிரித்தது, இன்னொன்று நன்றாகச் சிரித்தது, மூன்றாவது பல் தெரியச் சிரித்தது. வேறு பொத்தான் இல்லை.

வழக்குகளை எழுதுகிறவரை அங்கே ரைட்டர் என்று கூப்பிடுகிறார்கள். அவர் என்னைப் பார்த்ததும் கவலையோடு உச்சுக் கொட்டினார். "உங்க தம்பி நல்லாத்தாம்மா இருக்கான். லத்திதான் சீரியஸ்" என்றார்.

மேசை மேல் ஒரு தட்டு. தட்டில் பஞ்சு. பஞ்சின் மேல் இரண்டு துண்டாக லத்தி படுத்திருந்தது. அதற்கு மட்டும் தனியாக ஒரு மின்விசிறி ஓடியது. கழுத்தில் 'சான்றுப் பொருள் 1' என்று அட்டை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வந்ததாக ரைட்டர் சொன்னார்.

"என் தம்பிக்கு எக்ஸ்ரே எடுத்தீங்களா?"

"அவன் எதிரிம்மா. பாதிக்கப்பட்டவங்களுக்குத்தான் எடுப்போம்."

தம்பி உள்ளே தரையில் சுவரோரமாகச் சாய்ந்திருந்தான். முகம் வெளிறிப் போயிருந்தது. இடது கையை ஒரு வெள்ளைத் துணிப்பைக்குள் விட்டு, தோளோடு தைத்து, தையல் மேல் நான்கு இடத்தில் அரக்கு முத்திரை வைத்திருந்தார்கள். பையின் மேல் 'சான்றுப் பொருள் 2' என்று எழுதியிருந்தது.

"அக்கா, விரல அசைக்க முடியலக்கா" என்றான்.

"ஐயோ, கைய என்ன பண்ணி வச்சிருக்கீங்க?" என்று கத்தினேன்.

"சீல் வச்சிருக்கோம். ஏன்னா அது ஆயுதம்" என்றார் ரைட்டர்.

"கையா?"

"லத்திய எத வச்சு உடைச்சான்? கைய வச்சுத்தானே? அப்ப கைதானே ஆயுதம்? கைப்பத்துன ஆயுதத்தக் கைப்பத்துன மாதிரியே கோர்ட்டுல காட்டணும். நீங்க பாட்டுக்கு மாவுக்கட்டு போட்டுட்டா சான்ற அழிச்ச கேஸ் ஆயிடும்மா. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"எலும்பு உடைஞ்சிருக்கு சார்!"

"தெரியும்மா. ஆயுதம் சேதமடைந்த நிலையில் கைப்பற்றப்பட்டதுன்னு தெளிவா எழுதியிருக்கேனே." எழுதிய இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் எலும்பு டாக்டரைப் பிடித்து விவரம் சொன்னேன். அந்த அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "பத்து நாளுக்குள்ள கூட்டிட்டு வந்துடுங்க. அதுக்கு மேல போனா எலும்பு கோணலா ஒட்டிக்கும். அப்புறம் பிரஷ் என்ன, ஸ்பூன் கூடப் பிடிக்க முடியாது" என்றார். அன்றைக்கு இரண்டாவது நாள்.

மூன்றாவது நாள் ஆய்வாளரைப் பார்க்க முடிந்தது. பெரிய மேசை, பெரிய மீசை. தன் நிலையம் மாவட்டத்திலேயே மென்மையானது என்று பரிசு வாங்கிய கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இங்க யாரும் யாரையும் அடிக்கிறதில்லம்மா. அத முதல்ல புரிஞ்சுக்கணும். நாங்க பலம் பிரயோகம் பண்றோம். அதுவும் குறைந்தபட்சப் பலம். அதுக்கு ஆறு நிலை இருக்கு. பார்வை, முறைச்ச பார்வை, அறிவுரை, உரத்த அறிவுரை, தொடுதல், கடைசியா லத்தித் துணையுடன் வழிகாட்டுதல். உங்க தம்பிக்கு நாங்க வழிகாட்டத்தான் செஞ்சோம்."

"நேரா ஆறாவது நிலைக்கு எப்படி சார் போனீங்க?"

"முதல் அஞ்சையும் முந்தின நாளே தெருவுக்குப் பொதுவா முடிச்சிட்டோம். நேரம் மிச்சம்." கோப்பையைக் கீழே வைத்தார். "இந்த நிலையத்துல இதுவரைக்கும் யாரையும் அடிச்சதா ஒரே ஒரு பதிவு காட்டிடுங்க, நான் வேலைய விட்டுடறேன். காட்ட முடியாது. ஏன் தெரியுமா? அப்படி ஒரு கட்டமே படிவத்துல கிடையாது. பொதுமக்கள் பாதுகாப்புதாம்மா எங்க உயிர் மூச்சு. என்ன, பொதுமக்கள்தான் அதுக்குக் குறுக்க குறுக்க வந்துடறாங்க."

இதையெல்லாம் அவர் வருத்தத்தோடுதான் சொன்னார். கையை எப்போது விடுவீர்கள் என்று கேட்டேன். லத்தியின் தரச் சான்று வந்தால் கோப்பு முடியும், கோப்பு முடிந்தால் கையைப் பிரித்துவிடலாம் என்றார். மட்டமான மரம் என்றால் தவறு வாங்கின இலாகாவுக்கு, நல்ல மரம் என்றால் தவறு கைக்கு. இதை இந்த நிலையத்தின் எல்லைக்குள் தொழில் பதிவு செய்திருக்கிற மரவேலை நிபுணர் ஒருவர் சொல்ல வேண்டும். விதி அப்படி. ரைட்டர் தொழிற்பட்டியலை எடுத்துப் புரட்டினார்.

"மரக் கடைசல்னு ஒரே ஒரு பட்டறைதான் இருக்கு சார்."

"அது என்னோடதுதான் சார்" என்றேன்.

ஆய்வாளர் எழுந்தே நின்றுவிட்டார். "அடடா, ரொம்ப நல்லதாப் போச்சு! நிபுணர் நம்மளத் தேடி வந்துட்டாங்க பாருங்க."

"நான் அவனோட அக்கா சார்."

அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. படிவத்தை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். ரைட்டரும் பார்த்தார். பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார்கள். "நிபுணர் எதிரிக்குச் சொந்தமான்னு கேக்கற கட்டம் எதுவும் இல்லையேம்மா" என்று நிம்மதியாகச் சொன்னார். அப்படியாக நான் அரசாங்கத் தரப்பு நிபுணர் ஆனேன்.

சான்றிதழைத் தட்டச்சு செய்தே வைத்திருந்தார்கள். 'உயர்தர மரத்தால் ஆன மேற்படி லத்தி, எதிரியுடைய கையின் அளவுக்கு மீறிய கடினத்தன்மையினால், ஒரே ஒரு மோதலில் உடைந்தது என்று சான்றளிக்கிறேன்.' கீழே கையெழுத்துப் போட இடம்.

போட்டால் பையைப் பிரிப்பார்கள், கை பிழைக்கும். ஆனால் லத்தியை உடைத்தவன் என்று சொந்த அக்காவே எழுதிக் கொடுத்தபடி ஆகும், ஜெயிலுக்குப் போவான். போடாவிட்டால் கை போய்விடும். "சாமானைப் பாக்காம நான் எதுக்கும் கையெழுத்துப் போட மாட்டேன் சார், என் தொழில்ல அது வழக்கமில்ல" என்று சொல்லி வைத்தேன். கொஞ்சம் அவகாசம் கிடைக்கட்டும் என்றுதான் சொன்னேன். ஆனால் அந்த யோசனை அவருக்குப் பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பொதுப் பாதுகாப்பு விழிப்புணர்வுக் கூட்டம் நடக்கிறது, பெரிய அதிகாரி வருகிறார், எல்லார் முன்னிலையிலும் மேடையில் லத்தியைப் பார்த்துவிட்டுச் சான்றிதழைப் படித்துவிடுங்கள், நம்முடைய ஒளிவுமறைவற்ற தன்மை தெரியும் என்றார்.

ஞாயிறு என்றால் எட்டாவது நாள். அதற்குள் ஏதாவது வழி இருக்குமா என்று மனிதநேயப் பிரிவு அலுவலகத்துக்குப் போனேன். ஒரு சாதுவான அதிகாரி என்னைத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். படிவம் கொடுத்தார். 'தாக்கப்பட்டது எது' என்ற கேள்விக்குக் கீழே மூன்று கட்டம் இருந்தது: லத்தி, கேடயம், வாகனம்.

"மனுஷன்னு இல்லையே சார்?"

அவர் கண் கலங்கிவிட்டது. "அதத்தாம்மா நானும் மூணு வருஷமா மேல எழுதிட்டிருக்கேன். இப்போதைக்கு வாகனம்னு போடுங்க. சீக்கிரம் நகரும்."

போட்டேன். என் தம்பியின் பதிவு எண்ணையும் காப்பீட்டு விவரத்தையும் கேட்டு மறுநாளே கடிதம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சமுதாயக் கூடம் நிறைந்திருந்தது. வராதவர்கள் வீட்டுக்கு நம்பிக்கை நடை வரும் என்று அறிவித்திருந்ததால் நல்ல கூட்டம். வாசலில் என் உளியைப் பிடுங்கிக்கொண்டார்கள், அளவு நாடாவைப் பிடுங்கிக்கொண்டார்கள். உப்புத்தாளையும் ஈரத் துணியையும் மட்டும் விட்டார்கள். முன்வரிசையில் அமைதிக் குழு உட்கார்ந்திருந்தது. கடையை எரித்தவர்களுக்கு நல்ல வெளுத்த சட்டை.

மேடையில் தம்பியை உட்கார வைத்திருந்தார்கள். அவனுக்குப் பக்கத்து நாற்காலியில் துணி அடைத்த ஒரு பொம்மை. முதலில் அந்தப் பொம்மைக்கு ஆறு நிலைகளையும் செய்துகாட்டினார்கள். ஆறாவது நிலையில் பொம்மை கீழே விழுந்தது. உடனே இரண்டு பேர் ஓடிவந்து அதைத் தூக்கி, கையில் கட்டுப் போட்டு, வாயில் தண்ணீர் ஊற்றினார்கள். கூட்டம் கை தட்டியது. தம்பி அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பெரிய அதிகாரி பேச எழுந்தார். அவர் சத்தம் போட்டுப் பேசுகிற ஆள் இல்லை, தாலாட்டுகிற குரல்.

"அன்பான மக்களே, ஒரு கணக்குச் சொல்றேன். போன வருஷம் இந்தப் பகுதியில பத்து காவலர்கள் இருந்தாங்க. பதிவான குற்றம் இருபது. இந்த வருஷம் நூறு காவலர்களப் போட்டோம். பதிவான குற்றம் இருநூறு. இதுல நூத்தி அறுபது குற்றம் எங்க காவலர்கள் மேலயே நடந்திருக்கு. இவ்வளவு ஆபத்தான இடத்துல இத்தன நாளா வெறும் பத்து பேர விட்டுவச்சிருந்தோமேன்னு நினைச்சா எனக்குத் தூக்கமே வரல. அடுத்த வருஷம் ஐநூறு பேரப் போடறோம். நீங்க யாருக்கும் பயப்பட வேண்டாம். பயம் வேணும்னா அத நாங்க பாத்துக்கறோம்."

அமைதிக் குழு எழுந்து நின்று கை தட்டியது. அப்புறம் என்னைக் கூப்பிட்டார்கள்.

பஞ்சோடு தட்டைக் கொண்டுவந்து வைத்தார்கள். நான் லத்தியைக் கையில் எடுத்தேன். மரத்தைத் தொட்டதும் என் பதற்றம் போய்விட்டது. எத்தனை வருஷ வேலை! யாரோ கெட்டிக்காரக் கடைசல்காரர் செய்திருந்தார். கணு இல்லாத கட்டை, நார் நேராக ஓடியது, கனம் எந்த இடத்திலும் தப்பவில்லை. இப்படிப்பட்ட மரம் ஒரே அடியில் உடையாது. உடைந்த முனையைத் திருப்பிப் பார்த்தேன். பாதிக்கு மேல் கறுத்திருந்தது, மிச்சம்தான் புதுசாக வெளுத்திருந்தது. விரிசல் எப்போதோ விட்டிருக்கிறது. அதன் பிறகும் விடாமல் அடித்திருக்கிறார்கள், அழுக்கு உள்ளே இறங்கிக் கறுத்திருக்கிறது.

ஈரத் துணியால் துடைத்தேன். நீலம் தெரிந்தது.

"சான்றிதழப் படிங்கம்மா" என்றார் ஆய்வாளர்.

"இருங்க சார், பாத்துட்டிருக்கேன்ல" என்றேன். ஒலிபெருக்கி என் வாய்க்கு நேராக இருந்தது. "இந்த லத்தி நல்ல மரம். அதுல சந்தேகமில்ல. ஒரு அடி பட்டா மரத்துல ஒரு அமுக்கு விழும். பெயின்ட் பட்ட கை மேல அடிச்சா அந்த அமுக்குக்குள்ள பெயின்ட் போய் உக்காந்துக்கும், துடைச்சா வராது. ஒரு தடவைதான் மோதுச்சுன்னு எழுதியிருக்கீங்க. நான் எண்ணிச் சொல்றேன்." எண்ணினேன். கூட்டமும் கூடவே வாய்க்குள் எண்ணியது எனக்குக் கேட்டது. "ஏழு."

ஆய்வாளர் ரைட்டர் பக்கம் திரும்பினார். "குறிச்சுக்கய்யா. எதிரி ஏழு தடவை தாக்கியிருக்கான்."

எனக்கு இருந்த கொஞ்சநஞ்சப் பயமும் அங்கேயே செத்தது. "சார், ஏழு அமுக்கும் ஒரே பக்கமா இல்ல. லத்தியச் சுத்திச் சுத்தி இருக்கு. லத்தியோட பிடி யார் கையில இருந்துச்சு? என் தம்பி ஏணி மேல நின்னுக்கிட்டு உங்க கைக்குள்ள இருந்த லத்தியத் திருப்பித் திருப்பி விட்டானா?"

கூடத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். கூட நாலு பேர் சிரித்தார்கள். எங்கள் பகுதி ஆட்கள் போலீஸ் முன்னால் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

நான் நிறுத்தவில்லை. உப்புத்தாளை எடுத்து நீலத்துக்குப் பக்கத்தில் தேய்த்தேன். "இங்க ஒரு அமுக்கு. நீலம் இல்ல, கறுப்பு. கிரீஸ் மாதிரி மரத்துக்குள்ள இறங்கியிருக்கு. இங்க தார். இந்த வரிசை முழுக்கச் சிவப்பு, சாயம். இதெல்லாம் என் தம்பியோடது இல்ல. அவன் கிரீஸத் தொட்டதே கிடையாது."

பின்வரிசையில் சைக்கிள் மெக்கானிக் எழுந்தார். மூன்று மாதமாக விந்தி விந்தி நடக்கிற மனிதர். ஏன் என்று கேட்டால் வயசாச்சு என்பார். "அந்தக் கிரீஸ் என்னோடது" என்றார்.

"உக்காருய்யா!" என்று முன்வரிசையிலிருந்து அமைதிக் குழு கத்தியது.

அவர் உட்காரவில்லை. தார் ரோடு போடுகிற அக்கா அவருக்கு அந்தப் பக்கம் எழுந்து நின்றார். "தார் நான். போன மாசம். வேலை விட்டு வந்துட்டிருந்தேன், இடுப்புல போட்டாங்க." சாயப்பட்டறை ஆட்கள் ஐந்து பேர் ஒன்றாக எழுந்தார்கள். சிவப்பேறிய கைகளைத் தூக்கிக் காட்டினார்கள், அவ்வளவுதான்.

"குறிச்சுக்கய்யா, குறிச்சுக்க!" ஆய்வாளருக்கு மூச்சு வாங்கியது. "லத்தியத் திட்டம் போட்டு மாசக்கணக்குல சேதப்படுத்தின கும்பல்!"

ரைட்டருடைய பேனா நகரவில்லை. எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டிருந்தாரோ என்னவோ.

நான் தட்டச்சு செய்த சான்றிதழைத் திருப்பிப் போட்டு, வெள்ளையாக இருந்த பக்கத்தில் என் கையெழுத்தில் எழுதினேன்: 'நல்ல மரம். பல பேரைப் பல நாள் அடித்ததால் உடைந்தது.' கையெழுத்துப் போட்டு நீட்டினேன். பெரிய அதிகாரி அதை வாங்கி, நிதானமாகப் படித்து, நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவருக்கு ஆய்வாளரைவிட மூளை அதிகம். மைக்கை அணைத்துவிட்டு என் பக்கத்தில் வந்தார்.

"தங்கச்சி, பையனுக்குக் கை வலிக்குது பாருங்க. இந்த விளையாட்டெல்லாம் எதுக்கு? கூட்டிட்டுப் போய்க் கட்டுப் போடுங்க. நானும் வர்றேன்."

"பையில சீல் இருக்கே சார். பிரிச்சா கேஸுன்னு சொன்னாங்களே?"

"அத நான் பாத்துக்கறேன்."

அவர் பார்த்துக்கொள்ளும் வரை நான் காத்திருக்கவில்லை. அரக்கைப் பல்லால் கடித்து உடைத்துத் தையலைப் பிரித்தேன். உள்ளே கை வீங்கிக் கன்றிக் கறுத்திருந்தது. தம்பி அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். ஜீப்பில் ஏறுங்கள் என்றார்கள், ஏறவில்லை. கூடத்தில் எழுந்து நின்றவர்கள் எல்லாரும் கூடவே நடந்தார்கள். நாங்கள் முன்னால் போனோம், ஜீப் பின்னால் ஊர்ந்து வந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு ஜன்னல். அங்கே உட்கார்ந்திருந்த குமாஸ்தா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தெருப் பேரை மட்டும் கேட்டார். சொன்னேன். பேரேட்டில் எழுதி முடித்துவிட்டு, சீட்டைக் கிழித்து நீட்டினார். 'காயத்தின் காரணம்: வழுக்கி விழுந்தது.'

"யாரு சார் வழுக்கி விழுந்தது? நான் எதுவும் சொல்லவே இல்லையே?"

"உங்க ஏரியான்னா அதானேம்மா?" அவர் பேரேட்டைத் திருப்பிக் காட்டினார். பக்கம் முழுக்க எங்கள் தெருக்கள். மேலிருந்து கீழ் வரை வழுக்கி விழுந்தது, வழுக்கி விழுந்தது, வழுக்கி விழுந்தது. முந்தின பக்கத்தைத் திருப்பினேன். அதுவும் அப்படியே. மழை பெய்து ஏழு மாதம் ஆகிறது.

பெரிய அதிகாரி என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார். "அது அப்படியே இருக்கட்டும், தங்கச்சி. கை வழுக்கி விழுந்ததுல உடைஞ்சதுன்னா, லத்தி தானா உடைஞ்சதுன்னு ஆயிடும். கேஸே இல்ல. இன்னிக்கே முடிச்சுக் கொடுத்துடறேன். இல்லன்னா உங்களுக்கும் சேத்துத்தான் போட வேண்டியிருக்கும். சீலப் பல்லால கடிச்சீங்கல்ல?"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மேடையில் அவ்வளவு பேசியவள், அந்த ஜன்னலுக்கு முன்னால் தளர்ந்துவிட்டேன். எனக்குச் சம்மதம்தான். என்ன கருமத்தையாவது எழுதிக்கொள்ளட்டும், நான் பிள்ளை மாதிரி வளர்த்தவன் முழுசாக வீட்டுக்கு வந்தால் போதும் என்றிருந்தது. சீட்டை வாங்கக் கை நீட்டினேன்.

தம்பி வலது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தான். எட்டு நாள் வலியோடு கிடந்தவனுக்கு அவ்வளவு பிடி எங்கிருந்து வந்ததோ.

"நான் வழுக்கலக்கா" என்றான். குமாஸ்தாவைப் பார்த்தான். "அண்ணே, அத அடிச்சிட்டு எழுதுங்க. போலீஸ் லத்தியால ஏழு தடவை அடிச்சாங்க."

"கேஸு நிக்கும்டா" என்றேன்.

"நிக்கட்டும்."

குமாஸ்தா பெரிய அதிகாரியைப் பார்த்தார், தம்பியின் கையைப் பார்த்தார், மறுபடி பெரிய அதிகாரியைப் பார்த்தார். பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். கடைசியில் அந்த வரியைக் குறுக்கே கோடு போட்டு அடித்தார். பக்கத்தில் அவன் சொன்னதை அப்படியே எழுதினார். 'ஏழு' என்பதை மட்டும் எண்ணிலும் எழுத்திலும் எழுதினார்.

எலும்பு டாக்டர் கையைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். எலும்பு ஒட்ட ஆரம்பித்துவிட்டது, பிரித்துத்தான் மறுபடி வைக்க வேண்டும், நல்லா வலிக்கும், அப்படியும் கை முழுசாக நிமிரும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றார். பிரஷ் பிடிக்குமா என்று கேட்டேன். பிடிக்கும், ஆனால் பழைய மாதிரி கோடு வருமா தெரியாது என்றார். அவனை உள்ளே கூட்டிக்கொண்டு கதவைச் சாத்தினார்கள்.

நான் ஜன்னலுக்குத் திரும்பி வந்தேன். மெக்கானிக் அங்கே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னோடதையும் மாத்தணும்" என்று குமாஸ்தாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "மூணு மாசத்துக்கு முன்னாடி எழுதினது. முட்டி."

"பழைய பக்கத்துல கை வைக்கக் கூடாதுங்க. சட்டப்படி தப்பு."

"பழைய பக்கம் வேண்டாம் சார். புதுப் பக்கத்த எடுங்க" என்றேன் நான்.

மெக்கானிக்குக்குப் பின்னால் தார் போடுகிற அக்கா நின்றார். அவருக்குப் பின்னால் சாயப்பட்டறைக்காரர்கள், மருந்துக் கடைக்காரர், தகவல் வைத்திருந்த நான்கு பேர். அதற்குப் பின்னால் எனக்கு முகம் தெரியாத ஆட்கள். வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போய், ஜீப்பைச் சுற்றிக்கொண்டு நின்றது. பெரிய அதிகாரி ஜீப்புக்குள் உட்கார்ந்து யாரிடமோ போனில், எல்லாம் அமைதியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

உள்ளேயிருந்து தம்பியின் அலறல் கேட்டது. எலும்பைப் பிரிக்கிறார்கள். வரிசையில் எல்லாரும் ஒரு கணம் தலை குனிந்தார்கள். ஒருத்தர்கூட நகரவில்லை. குமாஸ்தா புதுப் பக்கத்தைத் திருப்பி, தேதி போட்டு, மெக்கானிக்கை நிமிர்ந்து பார்த்தார்.

"சொல்லுங்க" என்றார். "எத்தனை தடவை?"